மலைப்பாதையில் படுத்துக்கொள்ளும் நாய் சோம்பேறி அல்ல

கேள்வி: எங்கள் லேப்ரடார் ராக்கிக்கு ஐந்து வயது, எடை 38 கிலோ. தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடப்பான். போன மாதம் அவனை எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றுக்கு அழைத்துப் போனோம். ஏறும்போது ஓட்டமும் துள்ளலுமாக வந்தவன், இறங்கும்போது இரண்டு இடங்களில் நிழலில் படுத்துக்கொண்டு எழ மறுத்தான். வாயோரம் நுரை, பலத்த மூச்சிரைப்பு. வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை வாந்தி எடுத்தான். மறுநாள் முன்னங்காலை நொண்டினான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கூட வந்தவர்கள், “சோம்பேறி, இழுத்துக்கொண்டு நடந்தால் தானாக வருவான்” என்கிறார்கள். அடுத்து 14 கிலோமீட்டர் பாதைக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். அவனை அழைத்துப் போகலாமா? கயிறு இல்லாமல் விடலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கால்நடை மருத்துவரின் பதில்:

ராக்கி சோம்பேறி அல்ல. நுரை, அடங்காத மூச்சிரைப்பு, நிழல் தேடிப் படுத்தது, பிறகு வந்த வாந்தி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், உடம்புச் சூடு எல்லை மீறத் தொடங்கியிருந்தது என்றே சொல்ல வேண்டும். அவன் படுத்தது நல்லதாயிற்று. பல நாய்கள் படுக்கவே படுக்காது. வளர்ப்பவர் நடக்கும்வரை பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். கால் பின்னி விழும்போதுதான் நமக்கே தெரியும். படுத்துவிட்ட நாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகச் சொல்பவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போதைக்கு 14 கிலோமீட்டர் வேண்டாம். எட்டு முதல் பத்து வாரம் தயார்செய்த பிறகு போகலாம், அதுவும் முன்னங்காலைப் பரிசோதித்த பின். மலைப்பாதை என்றாலே எல்லோரும் பாம்பையும் காட்டு விலங்கையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நாய்க்கு அங்கே அதைவிட அடிக்கடி வரும் ஆபத்து அதன் சொந்த உடம்புச் சூடு. அதனால் பதிலில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

சூடு எப்படி ஏறுகிறது

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். அது உடம்பைக் குளிர வைக்கப் போதாது. நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறும். மூச்சிரைப்பின் வேலையே அதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் இந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். ஆகவே மேகம் மூடிய புழுக்கமான நாளில் “வெயிலே இல்லையே” என்று கிளம்புவது, காய்ந்த காற்று வீசும் வெயில் நாளைவிட மோசமாக முடியலாம்.

பூட்டிய காரில் விட்ட நாய்க்குத்தான் ஹீட் ஸ்ட்ரோக் வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், காரணம் பதிவாகியிருந்த நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஓட்டத்தாலும் நடையாலும் உடம்பு சூடேறிப் பாதிக்கப்பட்டவை. கார் காரணமானவை அதில் மிகச் சிறிய பங்குதான். மேடு ஏறும்போது தசைகளே அடுப்பாக எரிகின்றன. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குச் சூட்டை வெளியேற்றும் வழியே குறுகல் என்பதால், நீண்ட ஏற்றங்களுக்கு அவற்றை அழைத்துப் போகவே கூடாது என்பது என் கருத்து.

பாதையில் கவனிக்க வேண்டியது முதலில் நாக்கு. சாதாரணமாக இரைக்கும் நாயின் நாக்கு இளஞ்சிவப்பாக, நுனி குறுகலாக இருக்கும். தண்ணீர் குடிக்கவோ எச்சில் விழுங்கவோ நடுநடுவே வாயை மூடும். சூடு மீறும்போது நாக்கு நீண்டு தொங்கும், நுனி அகன்று தட்டையாகும், வாய் மூடவே மூடாது. அடுத்தது ஈறு. மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. செங்கல் சிவப்பாகத் தெரிந்தால் சூடு ஏறியிருக்கிறது. வெளிறிப் போயிருந்தால் இன்னும் மோசம். வீட்டில் அவன் சும்மா படுத்திருக்கும்போதே இதைப் பத்து முறை செய்து பாருங்கள். அவனுடைய இயல்பான நிறம் தெரியாமல் மலையில் போய் ஒப்பிட முடியாது.

சந்தேகம் வந்தால் நிழலில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சிரைப்பு தணியத் தொடங்க வேண்டும். பத்து நிமிடமாகியும் தணியவில்லை என்றால் அன்றைய ஏற்றம் முடிந்தது. உடம்பை நனைத்து, மூச்சு அடங்கிய பிறகு மெல்ல இறங்கத் தொடங்குங்கள்.

ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நன்றாக ஓடிய நாய்க்கு 40ஐத் தாண்டுவது உண்டு; ஓய்வில் அது இறங்கிவிடும். இறங்காமல் நின்றாலோ, தள்ளாட்டம், வாந்தி, கூப்பிட்டால் கவனிக்காத மந்தமான பார்வை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, எண் என்னவாக இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

அந்த நேரத்தில் விதி ஒன்றுதான்: முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். அருகில் ஓடையோ குளமோ இருந்தால், நினைவோடு இருக்கும் ஆரோக்கியமான நாயைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கி, தலையைத் தாங்கிப் பிடியுங்கள். வயதான நாய், மூச்சுக் கோளாறு உள்ள நாய், நினைவு மங்கிய நாய் என்றால் இறக்க வேண்டாம். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே தொப்பியாலோ அட்டையாலோ விசிறுங்கள். வயிறு, தொடையிடுக்கு, அக்குள், பாதம் எல்லாம் தோல்வரை நனைய வேண்டும். லேப்ரடாரின் அடர்ந்த உள்முடி தண்ணீரை மேலேயே வழித்து விட்டுவிடும். விரலால் முடியைப் பிரித்து ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிர்ச்சி வரும் என்ற பழைய பயத்தால், வெதுவெதுப்பான தண்ணீர் தேடி நேரத்தை இழக்காதீர்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தத் துண்டு சில நிமிடங்களில் சூடாகி, காற்றையும் தடுத்து, சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

வெப்பநிலை 39.5க்கு இறங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் மூச்சு தணிவதையும் நடுக்கம் தொடங்குவதையும் அடையாளமாகக் கொள்ளுங்கள். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுக்கலாம், வாயில் ஊற்றக் கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம், குடல், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றில் ஏற்பட்ட சேதம் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக்கூட வெளிப்படும்.

எடையும் பயிற்சியும்

லேப்ரடார் ஆண் நாய்க்குப் பொதுவாக 29 முதல் 36 கிலோ வரை சொல்வார்கள். எலும்பு வாகு நாய்க்கு நாய் மாறும் என்பதால் எண்ணை விட்டு விலாவைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தாமல் தடவினாலே எலும்புகள் தனித்தனியே விரலில் பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு ஒரு பக்கம் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், இன்னொரு பக்கம் மூட்டில் பாரம் ஏற்றும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைப்பது பத்திரமான வேகம். ராக்கிக்கு அது வாரம் அரை கிலோ போல வரும். எப்போதும் பசி பசி என்று நிற்கிறானா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அவன் கெஞ்சுவது நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். அதற்காகக் கிண்ணத்தை நிரப்பிவிட வேண்டியதில்லை.

நடையை மூன்று கிலோமீட்டர் சமதளத்திலிருந்து ஒரே தாவலில் மலைக்கு மாற்றியதுதான் சென்ற முறை நடந்தது. வாரம் ஒருநாள் நீண்ட நடை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து சதவீதம் அளவில் கூட்டி, சிறுகச் சிறுக மேடு பள்ளம் சேருங்கள். மறுநாள் காலை எழுந்திருக்கும்போது விறைப்பு தெரிந்தால் அந்த வாரம் கூட்ட வேண்டாம். வெயிலுக்குப் பழக, குளிர்ந்த நேரத்திலேயே நடந்து பழகிய உடம்புக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும்.

நொண்டலைப் பற்றி. இறங்கும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி முன்னங்கால்மீது சாயும். பாதத்தில் வெட்டோ நகத்தில் பிளவோ இல்லாமல் நொண்டினான் என்றால், லேப்ரடார்களுக்கு முழங்கை மூட்டுக் குறைபாடு அடிக்கடி வருவதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்பதை வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். பரிசோதிக்கும்போது மருத்துவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: அன்று பின்னங்கால்கள் துவண்டனவா? கடும் ஓட்டத்துக்குப் பின் பின்னங்கால் தளர்ந்து விழும் மரபுவழிக் கோளாறு இந்த இனத்தில் உண்டு. மரபணுப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். வலிக்கு நம் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூபன் எதையும் கொடுக்காதீர்கள். இபுபுரூபன் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

தண்ணீரும் தீனியும்

ஓய்வில் இருக்கும் நாய்க்கே நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும். ராக்கிக்கு அது இரண்டு லிட்டர். அரைநாள் நடைக்கு அவனுக்கென்றே இரண்டு லிட்டரும், உடம்பில் ஊற்ற ஒரு லிட்டரும் தனியாகச் சுமந்து போங்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி கொடுங்கள். தாகத்தில் மொத்தமாகக் குடிக்க விட்டால் வாந்திதான் வரும். அவனுடைய தண்ணீரில் பாதி தீரும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலி முதலிய விலங்குகளின் சிறுநீரால் அதில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். நாயிடமிருந்து உங்களுக்கும் தொற்றும். நாய்க்கு அதற்கான தடுப்பூசி முதல்முறை இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கொன்று. குளத்து நீரின் மேல் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் இறங்கவே விடக் கூடாது. நீலப்பச்சைப் பாசி நஞ்சு சில மணி நேரத்துக்குள், சில வகைகளில் சில நிமிடங்களிலேயே, கொன்றுவிடும். அதில் நனைந்துவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். முடியை நக்கினாலும் நஞ்சு உள்ளே போகும்.

உணவு, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, வழக்கத்தில் பாதி. பெரிய உடம்பும் ஆழமான மார்பும் உள்ள நாய்களுக்கு நிறைந்த வயிறோடு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இறங்குங்கள்; அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை. நடந்து முடித்து மூச்சு அடங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச் சாப்பாடு. உங்கள் நொறுக்குத் தீனிப் பொட்டலத்தையும் பாருங்கள். உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த சூயிங்கம் எல்லாமே நாய்க்கு நஞ்சு. கீழே வைத்த பையை லேப்ரடார் திறக்க மாட்டான் என்று நினைப்பது வீண்.

கயிறு

கயிறு இல்லாமல் விட வேண்டாம். இன்னொரு நாயோடு விளையாடும்போதும், மோப்பத்தில் மூழ்கியிருக்கும்போதும், முதல் அழைப்பிலேயே திரும்பி வருகிறானா? ஒவ்வொரு முறையும் வரவில்லை என்றால் மலையிலும் வர மாட்டான். ஒரு விலங்கைத் துரத்திக்கொண்டு போகும் நாய், அது திருப்பித் தாக்கினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், அந்த விலங்கையும் பின்னால் அழைத்துக்கொண்டு. குறுகலான பாதையில் இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும். சுருண்டு நீளும் தானியங்கிக் கயிறு வேண்டாம். பூட்டு நழுவினால் நாய் முழு வேகத்தில் ஓடி நின்று இழுக்கும், மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பையும் முதுகையும் சுற்றி வரும் பட்டையான ஹார்னஸில் மாட்டுங்கள். மார்பில் ‘ஒய்’ வடிவில் வந்து தோள் மூட்டை மறைக்காத வகை, முதுகில் கைப்பிடியோடு. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதல் நீண்ட நடைக்கு முன்பே சில வாரம் போட்டுப் பழக்காவிட்டால் அக்குளில் உரசிப் புண்ணாகும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு. தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதில் பதிவான எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழைய எண்ணோடு இருக்கும் சிப்கள் ஏராளம்.

அடிபட்டால்

பாதை பாறையாக இருந்தால் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் அவன் பாதமும் பொரிந்துவிடும். பாதத்தின் அடி மெத்தையில் வெட்டு விழுந்தால் ரத்தம் நிறைய வரும். சுத்தமான தண்ணீரால் கழுவி, காஸ் துணியால் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒட்டாத டிரெஸ்ஸிங்கை வைத்து, விரல்களுக்கிடையே கொஞ்சம் பஞ்சைச் செருகி, காஸ் சுருளைச் சுற்றுங்கள். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ். அதைச் சுருளிலிருந்து முதலில் தளர்த்திக்கொண்டு சுற்ற வேண்டும். இழுத்துச் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ குளிர்ந்தாலோ உடனே அவிழ்த்துக் கட்டுங்கள். மேலே ஒரு காலுறை. ஆழமான வெட்டுக்கு அன்றே தையல் போட வேண்டும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான் இருக்கும். வீக்கம் வரும்முன் கழுத்துப்பட்டையையும் ஹார்னஸையும் கழற்றுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள், விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயல வேண்டாம். தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தூக்கிச் செல்வது என்று எழுதிவிட்டேன். 38 கிலோவை யார் தூக்குவது? இதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். பலமுள்ள பெரியவர்கள் இரண்டு பேராவது உடன் வர வேண்டும், பையில் ஒரு கெட்டியான போர்வையோ தார்ப்பாய்த் துண்டோ இருக்க வேண்டும். நாயை நடுவில் கிடத்தி, நான்கு மூலைகளையும் இருவர் பிடித்துக் கொண்டுபோகலாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் அப்படி நடந்து பார்த்தால் 14 கிலோமீட்டர் பாதையின் நடுப்பகுதி எவ்வளவு தூரம் என்பது புரியும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் காஸ் சுருளால் வாயைக் கட்டலாம். ஆனால் சூடேறிய நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் ஒருபோதும் கட்டக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

அன்று மாலையே உண்ணி தேடுங்கள். காதின் உட்புறம், கண் இமை, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, விரல்களுக்கிடையே என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல் நேராக, சீராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது இரண்டும் வேண்டாம். உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கொருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை நாய்க்குப் பூசாதீர்கள், அது பூனையைக் கொல்லும்.

விரலிடுக்குகளில் புல்லின் முள்விதை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்துகொண்டே போகும். நாய் ஓரிடத்தையே நக்கினாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

உண்ணி கடித்து நோய் தொற்றியிருக்கலாம் என்பதால், அடுத்த மூன்று வாரம் அவனுடைய பசியையும் ஈறின் நிறத்தையும் கவனித்து வாருங்கள். காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, கருத்த சிறுநீர், மூக்கில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய், நடந்த தேதியையும் உண்ணி எடுத்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரியும்.